கேட்டில் நிறுத்துவது விசாரணை ஆகாது

கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்க ஒரு வாட்ச்மேன் போதும் என்றாகிவிட்டது. ஷிப்டுக்கு வந்தவரிடம் "உன்னை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று அவர் சொன்னால் முடிந்தது. சொன்னது யார், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் வராது. தாளும் வராது. பிறகு என்றைக்காவது தொழிலாளர் துறையிலிருந்து நோட்டீஸ் போனால் மட்டும் நிர்வாகத்தின் மேஜையில் திடீரென்று தாள்கள் முளைக்கின்றன. மூன்று எச்சரிக்கைக் கடிதம், ஒரு ராஜினாமா, எல்லாவற்றின் அடியிலும் அந்தத் தொழிலாளியின் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த அன்றே வெற்றுத்தாளில் வாங்கி வைத்த கையெழுத்து அது என்பது ஊருக்கே தெரியும். இப்படி நடத்தும் நிர்வாகங்களை நாம் கண்டிக்கிறோம்.

புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம் சுற்றுப்பட்டிகளிலிருந்து விடியுமுன்பே மில் பஸ்ஸிலும் தீப்பெட்டி ஆபீஸ் வேனிலும் ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்முடையது மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் மக்காச்சோளம், உளுந்து, பாசி, மிளகாய் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டுவிடும். அந்த வருஷம் முழுக்க வீட்டு அடுப்பு எரிவது மில் சம்பளத்தில்தான். "நாளையிலிருந்து வராதே" என்ற சொல் இங்கே ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று மேலாளர்களுக்குப் புரியாமல் இல்லை. புரிந்திருப்பதால்தான் அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒழுங்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீப்பெட்டித் தொழிலில் குச்சி மருந்து முக்கும் இடத்துக்குள் பீடியோடு ஒருவர் நுழைந்தால் அவரைக் கண்டிக்காத மேலாளர் குற்றவாளி. பஞ்சு பறக்கும் மில்லில் ஓடுகிற எந்திரத்துக்கு முன்னால் செல்போன் பார்ப்பவரையும் அப்படியே விட முடியாது. சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் பக்கத்து மண்ணில் ஒழுங்கு என்பது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் கேட்கிறோம். பாதுகாப்பு விதியை மீறியவரை இதுவரை எத்தனை முறை எச்சரித்தீர்கள், என்றைக்கு, எந்தத் தாளில்? விபத்து நடந்த பிறகு ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். "அப்பவே சொன்னோம் சார், கேட்கலை" என்பது பதில் ஆகாது. வாயால் திட்டியது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

மெமோ கொடுக்கும் சில நிர்வாகங்களும் அதை எப்படிக் கொடுக்கின்றன என்று பாருங்கள். "தாங்கள் பணியில் அலட்சியமாகவும் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமலும் நடந்துகொண்டமைக்காக" என்று ஒரு வரி. பேரை மாற்றிவிட்டால் உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வரி அது. பல இடங்களில் அதுவும் ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் அதற்கு என்ன விளக்கம் எழுத முடியும்? குற்றச்சாட்டு என்றால் அதில் நடந்த சங்கதி இருக்க வேண்டும். இன்ன தேதி, முழு நைட் ஷிப்ட், இரண்டு மணியிலிருந்து இரண்டே முக்கால் வரை 6ஆம் நம்பர் ரிங் பிரேமை விட்டுப் போய்விட்டீர்கள், அந்த நேரத்தில் அறுந்த இழைகள் ஒட்டப்படவில்லை, பார்த்தவர் இன்ன மேஸ்திரி, இன்ன தேதிக்குள் விளக்கம் தாருங்கள் என்று தமிழில் எழுதினால் அது மெமோ. வயிற்றுவலி, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று அந்தப் பெண் பதில் எழுதினால் அதே கோப்பில் அதையும் வைத்து, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சொன்னதையும் எழுத வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் என்ன நடந்தது என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியும்.

மெமோவை வாங்கிக்கொண்டதற்குப் போடும் கையெழுத்து வேறு, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குப் போடும் கையெழுத்து வேறு. இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவது நம் பகுதியில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி வாங்கி, நகல் ஒன்றை அந்த இடத்திலேயே கையில் கொடுப்பதற்கு என்ன தயக்கம்? வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகளை வைத்துக் குறித்துக்கொண்டு தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை திரும்பி வரும். இதற்குப் பெரிய மனிதவளப் பிரிவெல்லாம் வேண்டாம். ஒரு நோட்டும், எழுதத் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளையும் போதும்.

அந்த நோட்டை வைக்கத் தயங்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. தேதி வாரியாக எழுதி வைத்தால், ஒரே தவறுக்கு யாருக்கு மெமோ, யாருக்குத் தோளில் ஒரு தட்டு என்பது வெளியே தெரிந்துவிடும். முதலாளியின் சொந்தக்காரப் பையன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் சிரிப்பு, ஊர்க் கடைசியிலிருந்து வருபவர் பத்து நிமிடம் தாமதமானால் கேட். கரிசல் காட்டில் சாதி பார்க்காமல் தண்டிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறோம். மற்றவர்களை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பெரிய ஆலைகளுக்கு நிலையாணைச் சட்டம் 1946இலேயே வந்துவிட்டது. எது ஒழுங்கீனம், அதற்கு என்ன நடவடிக்கை, எப்படி விசாரணை என்பதை எழுதி, தொழிலாளிகளில் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியில், அவர்கள் உள்ளே வரும் வாசலிலோ அதன் அருகிலோ பலகையில் ஒட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எந்த வாசலில் தொழிலாளியை நிறுத்துகிறீர்களோ, அந்த வாசலில்தான் அவருடைய உரிமையும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கே நாம் பார்ப்பது "ஆட்கள் தேவை" போர்டு.

கடைகளுக்கும் விலக்கு இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பைத் தவிர்க்க வேண்டுமானால், விசாரணை நடத்தி அதில் பதிவான சான்று இருக்க வேண்டும். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் எழுதிய சட்டம் இது. இத்தனை காலத்துக்குப் பிறகும் கோவில்பட்டி பஜாரில் "கணக்கு முடிச்சுக்கோ" என்ற இரண்டு சொல்லில் வேலை போகிறது.

கேட்டில் நிறுத்திவிட்டுப் பிறகு "அவராகவே வரவில்லை" என்று எழுதும் தந்திரத்துக்கு உச்ச நீதிமன்றம் 1993இலேயே பதில் சொல்லிவிட்டது. டி.கே. யாதவ் என்ற தொழிலாளி 1980 டிசம்பர் 3ஆம் தேதி முதல் எட்டு நாளுக்கு மேல் வராததால் நிலையாணைப்படி அவருடைய வேலை தானாகப் போய்விட்டது என்றது ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ். தினமும் வந்தேன், வாசலில் மறித்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடவில்லை என்றார் அவர். நம்மூர்க் கதையைப் போலவே இருக்கிறது. விளக்கம் கேட்காமல், விசாரணை இல்லாமல் ஒருவரின் பிழைப்பைப் பறிப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்கே விரோதம் என்றது நீதிமன்றம். பாதிச் சம்பள பாக்கியோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. நிலையாணையில் எழுதியிருந்தும் செல்லாது என்றால், எதிலும் எழுதாமல் நீக்குகிறவர்கள் எதை நம்பி நீக்குகிறார்கள்? அந்தத் தொழிலாளி திருநெல்வேலி வரைக்கும் வழக்கு நடத்த வரமாட்டார் என்பதை நம்பித்தான். புதூரிலிருந்து கோவில்பட்டி போய், அங்கே பஸ் மாறி, திருநெல்வேலித் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் கூலியும் போகும், டிக்கெட் காசும் போகும். ஏழையின் தூரத்தை முதலீடாக வைத்து நடக்கும் நிர்வாகம் இது.

விசாரணை நடத்துவதாகச் சொல்லும் இடங்களிலும் அது எப்படி நடக்கிறது? மேனேஜர் அறை. எதிரே தொழிலாளி நிற்கிறார். புகார் சொன்ன சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிடம் சத்தம், கடைசியில் ஒரு தாள், ஒரு கையெழுத்து. சுர் எனாமல் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் உள்விசாரணைக்கு என்னென்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றச்சாட்டு என்ன என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் பேச வேண்டும். அவர்களை அவர் குறுக்குக் கேள்வி கேட்க இடம் தர வேண்டும். தன் தரப்புச் சாட்சியைக் கொண்டுவர அவருக்கு வாய்ப்பு வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். அதே ஆண்டு மீங்லாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், தாக்கப்பட்டதாகச் சொன்ன மேலாளரே விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் ஆன தீர்ப்புகள் இவை. புகார்தாரர், வழக்கறிஞர், நீதிபதி மூன்றும் ஒரே மேனேஜராக இருக்கும் மில்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தற்காலிகப் பணிநீக்கத்தில் நடக்கும் கொடுமை தனி. சஸ்பெண்ட் என்பது தண்டனை இல்லை, விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது. அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கும் மேல் போனால் முழுச் சம்பளம். இழுத்தடித்தால் செலவு உங்களுக்கு என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். நம் பகுதியில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? பணம் கொடுக்காமல் ஒருவரை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்து, அவராகவே வேறு வேலை தேடிப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் ஆண்டனியின் வழக்கு இதற்குப் பாடம். சஸ்பெண்ட் ஆனவருக்குப் பிழைப்பூதியம் கிடைக்கவில்லை. அவர் கேரளத்துக்குப் போய்விட்டார். விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். இப்படி நடத்திய விசாரணை செல்லாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்த்தது. வயிற்றில் அடித்துவிட்டு வா, வந்து பதில் சொல் என்பது நியாயம் ஆகாது.

அபராதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்து நிமிடம் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பது சட்டவிரோதம். வராத நேரத்துக்கு உரிய விகிதத்தில்தான் பிடிக்கலாம். அபராதம் என்றால் எந்தத் தவறுக்கு என்று முன்கூட்டி அரசு ஒப்புதலோடு அறிவித்திருக்க வேண்டும், தொழிலாளியைக் கேட்டிருக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அது 360 ரூபாய். அந்தப் பணமும் முதலாளியின் பெட்டிக்குப் போகக் கூடாது, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு கேள்விக்கும் நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒழுங்கீனம் எப்போதும் கீழே இருப்பவர்களிடம்தானா? கெட்ட வார்த்தை சொல்லும் சூப்பர்வைசருக்கு, பெண்களின் தோளில் கை வைக்கும் மேஸ்திரிக்கு, லீவு கேட்டால் வேறு எதையோ கேட்கும் ஏஜெண்டுக்கு எத்தனை மெமோ கொடுத்திருக்கிறீர்கள்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு காகிதத்தில் இருக்கிறது, அதில் யார் இருக்கிறார்கள் என்று வேலை பார்க்கும் பெண்களுக்கே தெரியாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் தலித் இளம்பெண் கொலையானார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகு 2022 ஏப்ரலில், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தோடு அந்த நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. வேலைத் தளத்திலேயே தொழிலாளிகளிலிருந்து கண்காணிப்பாளர்கள், சுதந்திரமான புகார் முறை எல்லாம் அதில் வந்தன. ஓர் உயிர் போன பிறகு வந்தது திண்டுக்கல்லில். கோவில்பட்டி எதற்காகக் காத்திருக்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்றில் நிலையாணை கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்திவிட்டார்கள். நம் பகுதியில் 300 பேருக்குக் கீழே இருக்கும் ஆலைகளே அதிகம். "இனிமே எங்களுக்கு ரூல்ஸ் கிடையாது" என்று சிலர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டதைக் கேட்கிறோம். தவறான மகிழ்ச்சி. எழுதிய விதி கட்டாயம் இல்லை என்பதால் விசாரணை இல்லாமல் நீக்கலாம் என்று ஆகிவிடாது. டி.கே. யாதவ் தீர்ப்பு நின்றது நிலையாணையின் மேல் இல்லை, அரசியல் சாசனத்தின் மேல். இந்த வரம்பை உயர்த்தியது தொழிலாளிக்கு இழைத்த அநீதி என்பதே நம் கருத்து. அந்த அநீதியைக் காரணம் காட்டி இன்னொன்றைச் செய்யாதீர்கள். அதே தொகுப்பு, சஸ்பெண்ட் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்வதையும் படித்துப் பாருங்கள்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் முன்மாதிரியாக இருந்ததில்லை என்பது உண்மை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அன்றைய தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு ஒரே மூச்சில் நீக்கியது. விசாரணை கிடையாது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு மிகப் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். சாதாரண நாளில் ஓர் அரசு ஊழியருக்கு 17 ஏ, 17 பி என்று குற்றச்சாட்டு வகை உண்டு, பதில் சொல்ல அவகாசம் உண்டு, மேல்முறையீடு உண்டு. அந்த அமைப்பில் தாமதமும் ஊழலும் நிறைய. ஆனாலும் தன் மேல் என்ன குற்றம் என்று ஒரு கிளார்க்குக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் பெண்ணுக்கு அந்த அளவாவது தெரிய வேண்டாமா?

தொழிலதிபர்கள் சொல்லும் சங்கடங்கள் நமக்குத் தெரியும். அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேறு மில்லுக்குப் போய்விடுகிறார்கள், திருவிழா என்றால் பத்து நாள் ஆள் கிடையாது, எழுதிக் கொடுத்தால் சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்கிறார்கள். லீவு விவகாரத்துக்கு வயது அதிகம். விடுமுறையும் கூலி உயர்வும் கேட்டுத் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். சொல்லாமல் லீவு எடுப்பது தவறுதான். அந்தத் தவறை நிரூபிக்க ஒரே வழி எழுதி வைப்பது. வராத நாள், அனுப்பிய கடிதம், வந்த பதில் எல்லாம் கோப்பில் இருக்கும் நிர்வாகம் எந்த சங்கத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. கோப்பு இல்லாதவர்கள்தான் நீதிமன்றத்தில் தோற்கிறார்கள். தவறுக்கு மிஞ்சிய தண்டனை கொடுத்தால் அதைக் குறைக்கும் அதிகாரம் 1971 முதல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு உண்டு. தவறாக நீக்கப்பட்டவருக்கு முழுச் சம்பள பாக்கியே பொதுவான நியதி என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீபாலி என்ற ஆசிரியை வழக்கில் சொன்னது. வாய்ச்சொல்லில் மிச்சம் பிடித்த ஒரு தாளுக்கு விலை பல வருஷச் சம்பளம்.

கோவில்பட்டி, புதூர், எட்டயபுரம், கழுகுமலை வட்டாரத்து ஆலை நிர்வாகங்களும் முதலாளிகள் சங்கங்களும் உடனே செய்ய வேண்டியது இது. ஆள் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஒழுங்கு விதிகளைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். கைவசம் இருக்கும் வெற்றுக் கையெழுத்துத் தாள்களை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். எச்சரிக்கை எதுவானாலும் எழுத்தில், நகலோடு கொடுங்கள். புகார் சொன்னவர் விசாரிக்கக் கூடாது. சஸ்பெண்ட் ஆனவர்களுக்கு நிலுவையில் இருக்கும் பிழைப்பூதியத்தை இந்த மாதச் சம்பளத்தோடு கொடுங்கள். தொழிலாளர் துறை அதிகாரிகள் புகார் வரும் வரை மேஜையில் காத்திருக்காமல் அபராதப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டில் போய்ப் பாருங்கள். பகலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எதில் போட்டாலும் தேதி எழுதி, நகல் கேளுங்கள். கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேரடியாக வழக்குப் போடலாம். பழைய சட்டம் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் தந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டுதான்.